மூச்சை எண்ணுங்கள்: மெடிக்கல் வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸுக்கு

எந்த ஊர் பெரியாஸ்பத்திரியாக இருந்தாலும் சரி, மெடிக்கல் வார்டின் கேஸ் ஷீட்டுகளை வரிசையாகப் புரட்டிப் பாருங்கள். மூச்சு எண்ணிக்கைக் கட்டத்தில் 20, 20, 18, 20 என்று இருக்கும். நிமோனியாக்காரருக்கும் 20, காலில் புண்ணோடு வந்தவருக்கும் 20. வார்டில் உள்ள அத்தனை பேரும் ஒரே கணக்கில் மூச்சு விடுவது நடக்கிற காரியமா? எண்ணாமல் எழுதியது அது. பிபி, பல்ஸ், காய்ச்சல் எல்லாவற்றையும் அளந்துவிட்டு இதை மட்டும் கண்பார்வையில் போட்டுவிடுகிறோம். ஒருவர் மோசமாகப் போகிறார் என்பதைப் பெரும்பாலும் முதலில் காட்டுவது இந்தக் கட்டம்தான்.

நான் மெடிக்கல் வார்டிலேயே ஊறிப்போன ஸ்டாஃப் நர்ஸ். டிப்ளமோவோ பி.எஸ்சியோ முடித்துப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பாடம் நன்றாகவே தெரியும். மதிப்பிடுதல், தேவையைக் கண்டறிதல், திட்டமிடுதல், செய்தல், செய்ததை மறுபடி மதிப்பிடுதல் என்று ஐந்து படியையும் ஒப்பிப்பார்கள். நாற்பது பெட்டுக்கு இரண்டு பேர் நிற்கும்போது எதை முதலில் பார்ப்பது, எதை விட்டுவிடக் கூடாது என்பதில்தான் திணறுகிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதில் உள்ள எண்கள் பெரியவர்களுக்கானவை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கணக்கு வேறு.

டியூட்டி மாறும்போது

ஹேண்டிங் ஓவரை மேசையில் உட்கார்ந்து வாங்காதீர்கள். பெட் பெட்டாக நடந்தே வாங்குங்கள். டயக்னோஸிஸ், ஊசி, டிரிப் எல்லாம் ஷீட்டிலேயே இருக்கிறது. ஷீட்டில் இல்லாததைக் கேளுங்கள்: "அக்கா, இதுல யாரைப் பார்த்தா உங்களுக்குப் பயமா இருக்கு?" இரவு முழுக்க விழித்திருந்தவருக்கு ஒரு பதில் இருக்கும். "14-ம் பெட் தாத்தா சரியில்லப்பா, என்னன்னு சொல்லத் தெரியல" என்பார். அவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நர்ஸின் இந்த இனம்புரியாத கவலையையே ஓர் அறிகுறியாகக் கணக்கில் எடுக்கும் பட்டியல் ஒன்றை நெதர்லாந்தில் உருவாக்கியிருக்கிறார்கள். நிறம் மாறுவது, அமைதியில்லாமல் புரள்வது, "எனக்கு என்னமோ பண்ணுது" என்று நோயாளியே சொல்வது எல்லாம் அதில் உண்டு.

தொடுவதற்கு முன்

பெட்டின் கால்மாட்டில் அரை நிமிடம் சும்மா நில்லுங்கள். படுத்திருக்கிறாரா, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறாரா? கழுத்துத் தசை ஒவ்வொரு மூச்சுக்கும் இழுபடுகிறதா? ஃபேன் காற்றிலும் நெற்றி வியர்த்திருக்கிறதா? காலையில் கொடுத்த இட்லிப் பொட்டலம் பிரிக்காமலே கிடக்கிறதா? யூரின் பையில் என்ன நிறம், எவ்வளவு? கூட இருக்கும் மகளின் முகம் எப்படி இருக்கிறது? கருவி எதுவும் இல்லாமலே பாதி விஷயம் இதில் கிடைத்துவிடும்.

அப்புறம் கையைச் சுத்தம் செய்துகொண்டு அருகில் போய்ப் பேசுங்கள். "ஐயா, நான் காலை டியூட்டி நர்ஸ். உங்க பேர் சொல்லுங்க, அப்பா பேரும் சொல்லுங்க." நீங்களே பேரைச் சொல்லி "நீங்கதான முருகேசன்?" என்று கேட்காதீர்கள். காது கேட்காதவரும் மயக்கத்தில் இருப்பவரும் எதற்கும் தலையாட்டுவார்கள். நம் வார்டுகளில் ஒரே நேரத்தில் இரண்டு முருகேசனும் மூன்று லட்சுமியும் இருப்பது சாதாரணம். பேரோடு ஐ.பி. (உள்நோயாளி) நம்பரையும் ஒத்துப் பார்த்த பிறகுதான் ஊசியோ ரத்தமோ.

அவர் பதில் சொல்வதிலேயே இன்னொரு பரிசோதனையும் முடிந்துவிடுகிறது. தெளிவாகப் பேசுகிறவருக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது. ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்துகிறார் என்றால் மூச்சு போதவில்லை. பதிலே இல்லாமல் குறட்டை போலவோ கொரகொரவென்றோ சத்தம் வந்தால் மேற்கொண்டு எதையும் அளக்க வேண்டாம். ஆளைக் கூப்பிடுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சக்ஷன் எடுங்கள். மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, பிறகு உடம்பு முழுவதும். உலகம் முழுக்க இதே வரிசைதான். முந்தைய படியில் கோளாறு இருந்தால் அதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

நோயாளி சொல்வதை அவர் வார்த்தையிலேயே கேட்டு அப்படியே எழுதுங்கள். மார்பு வலி என்று பாடப்புத்தகம் சொல்வதை நம் ஆட்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். "வாயு அடைச்ச மாதிரி இருக்கு", "நெஞ்சு கரிக்குது", "தாடை வலிக்குது", "கை குடையுது" என்பார்கள். ஒரு சோடா குடித்துப் பார்த்துவிட்டு, அதிலும் ஏப்பம் வரவில்லை என்பதால் கிளம்பி வந்திருப்பார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வியர்வையும் களைப்பும் மட்டும் இருக்கலாம். வாயு என்கிற வார்த்தையோடு வியர்வையும் சேர்ந்தால் பத்து நிமிடத்துக்குள் இசிஜி எடுத்து டாக்டர் கையில் இருக்க வேண்டும்.

குடிப்பழக்கத்தைப் பற்றியும் கேட்டே ஆக வேண்டும். அதைக் குற்றம் சாட்டும் தொனியில் கேட்டால் பொய்தான் வரும். "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க, அண்ணா? எவ்வளவு?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். அவர் சொல்லும் அளவு ஒன்று இருக்கும். மனைவியைத் தனியாகக் கேட்டால் அது இரண்டு மடங்காகும். தினமும் குடித்தவர் அட்மிட் ஆனதும் குடி நின்றுபோகிறது. முதல் நாளே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். இரண்டாம் மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று எழுந்து ஓடுவார். கடைசிக் குடியின் நேரம் ஷீட்டில் இருந்தால் டாக்டர் முன்கூட்டியே மருந்து எழுதுவார். இல்லாவிட்டால் நடுராத்திரியில் நான்கு பேர் சேர்ந்து பிடிக்க வேண்டியிருக்கும்.

மூச்சு எண்ணுவது

எண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டு எண்ணினால் மூச்சு மாறிவிடும். அதனால் மணிக்கட்டைப் பிடித்துப் பல்ஸ் பாருங்கள். பல்ஸை எண்ணி முடித்ததும் விரலை எடுக்காமல், அப்படியே கண்ணை மட்டும் நெஞ்சுக்கு மாற்றுங்கள். கடிகாரத்தை வைத்து ஒரு முழு நிமிடம். போர்வை மறைத்தால் அவர் கையை அவர் வயிற்றின் மேலேயே வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் உங்கள் கை சேர்ந்து ஏறி இறங்கும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது வேண்டாம். ஒரு மூச்சு தவறினால் கணக்கில் நான்கு தவறிவிடும்.

நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை சரி. 20-ஐத் தாண்டினால் காரணம் தேடுங்கள். 25-ஐத் தொட்டால் டாக்டரைக் கூப்பிடுங்கள். ஆக்ஸிஜன் அளவு 98 என்று காட்டினாலும் கூப்பிடுங்கள். "சாச்சுரேஷன் நல்லாத்தானே இருக்கு" என்று புதியவர்கள் நிறுத்திக்கொள்வது இங்கேதான். நுரையீரல் மட்டுமே மூச்சைக் கூட்டுவதில்லை. ரத்தத்தில் கிருமி பரவும்போதும் (செப்சிஸ்), சிறுநீரகம் செயலிழக்கும்போதும், சர்க்கரை ஏறி கீட்டோன் சேரும்போதும் ரத்தத்தில் அமிலம் கூடுகிறது. அதை வெளியேற்ற உடம்புக்குத் தெரிந்த வேகமான வழி, மூச்சைக் கூட்டிக் கார்பன் டை ஆக்ஸைடைத் தள்ளுவது. பிபி விழுவதற்குப் பல மணி நேரம் முன்பே இது தொடங்கிவிடலாம். வாந்தி, வயிற்றுவலி என்று வந்த சர்க்கரை நோயாளி ஆழமாகப் பெருமூச்சு போல இழுத்து விட்டுக்கொண்டிருந்தால், வயிற்றைப் பார்ப்பதோடு சுகரையும் கீட்டோனையும் பார்க்கச் சொல்லுங்கள்.

குறைவதும் ஆபத்துதான். எட்டும் அதற்குக் கீழும் அவசரம். தூக்க மருந்து, மார்ஃபின் வகை வலி மருந்து, பூச்சிமருந்து குடித்த கேஸ் ஆகியவற்றில் இதைப் பார்க்கலாம். பூச்சிமருந்து கேஸில் வாயிலும் நுரையீரலிலும் நீர் கோத்து, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கும். அட்ரோபின் போட்டு நீர் வற்றிய பிறகும் தசை பலவீனத்தால் மூச்சு நின்றுபோகலாம். முதல் நாள் தப்பித்துவிட்டார் என்று கண்காணிப்பைத் தளர்த்தக் கூடாது.

பாம்புக்கடியில் எண்ணும் விதமே வேறு. கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியும் இராது, பல் தடமும் சரியாகத் தெரியாது. விடிகாலையில் வயிற்றுவலி, தொண்டை அடைப்பு, கண் இமை சொருகுவது என்று வருவார்கள். இவர்களை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லுங்கள். எதுவரை போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதலில் 25 வரை எண்ணியவர் அடுத்த மணியில் 15-லேயே நின்றால் மூச்சுத் தசை தளர்கிறது என்று பொருள். மயக்க மருந்து டாக்டருக்கும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டிய நேரம் அது. கண்ணாடி விரியன் கடியில் ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனையும் நம் கையில்தான். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய் வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவிய பழைய குழாய் ஆகாது, பிளாஸ்டிக்கும் ஆகாது. ரத்தத்தை விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் கடிகாரம் பார்த்து 20 நிமிடம் வைத்து, ஒருமுறை மட்டும் சாய்த்துப் பாருங்கள்.

கை சொல்வது

பல்ஸ் பிடிக்கும்போது எண்ணிக்கை மட்டும் போதாது. கை சூடா, சில்லிட்டிருக்கிறதா? துடிப்பு தட்டுகிறதா, நூல் போல ஓடுகிறதா? சீராக வருகிறதா? சீராக இருந்தால் 30 விநாடி எண்ணி இரட்டிப்பாக்கலாம். தாளம் தப்பினால் ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அப்படிப்பட்டவருக்கு டிஜிட்டல் பிபி மெஷினையும் நம்பாதீர்கள், ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பாருங்கள். விரல் நுனியை ஐந்து விநாடி அழுத்திவிட்டால் வெளுத்த இடம் இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும்.

பிபி பார்க்கும் முன் ஐந்து நிமிடம் ஓய்வு. பார்க்கும்போது பேச்சு வேண்டாம். கை இதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும், தொங்கினால் அளவு கூடுதலாகக் காட்டும். பருத்த கைக்குச் சின்னக் கஃப் கட்டினாலும் கூடுதலாகவே காட்டும். உள்ளே இருக்கும் ரப்பர் பை கையின் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது சுற்ற வேண்டும். இறுக்கமான ரவிக்கைக் கையை மேலே சுருட்டிவிட்டு அதற்குக் கீழே கட்டுவது நம் பெண்கள் வார்டில் தினமும் நடக்கிற தப்பு. டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா (ரத்தக் குழாய் இணைப்பு) போட்ட கையில் பிபியும் கூடாது, ஊசியும் கூடாது.

சரி, அளந்தாயிற்று. அந்த எண்களை எப்படிப் படிப்பது? ஒரு மழைக்காலத்தில் வார்டு முழுக்க டெங்கு. கல்லூரியில் படிக்கிற பையன் ஒருவன், காய்ச்சல் தொடங்கி ஐந்தாம் நாள். அன்று காலை 98.2. அவன் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், "காய்ச்சல் விட்டுடுச்சு சிஸ்டர், வீட்டுக்குப் போலாமா?" என்று பின்னாலேயே வந்தார். பையன் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னான், சொல்லிவிட்டு உடனே கண்ணை மூடிக்கொண்டான். கை ஜில்லென்று இருந்தது. மூச்சு 20, சாச்சுரேஷன் 98, பல்ஸ் 118, பிபி 100/84. மேலெண் 100 இருக்கிறதே என்று நகர்ந்துவிடலாம். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்துப் பாருங்கள், 16. டெங்குவில் இந்த வித்தியாசம் 20 அல்லது அதற்குக் கீழே வந்துவிட்டால் அது ஷாக், அதாவது உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலை. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறுகிறது, உடம்பு குழாய்களைச் சுருக்கிக் கீழெண்ணைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மேலெண் விழும்வரை காத்திருந்தால் நேரம் கடந்துவிடும். டாக்டரை அழைத்தோம். ரத்தம் கெட்டிப்பட்டிருக்கிறது என்று ஹீமட்டோகிரிட் சொன்னது. சலைன் வேகமாக ஏற்றினார்கள். மணிக்கு மணி பிபியும் யூரினும் பார்த்தோம். அதிலிருந்து நான்காம் நாள் நடந்து வீட்டுக்குப் போனான். டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் தொடங்குகிறது என்பதை அம்மாக்களிடம் அட்மிஷன் அன்றே சொல்லிவைப்பது நல்லது. இல்லாவிட்டால் டிஸ்சார்ஜ் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சோ கருத்த மருதாணியோ இருந்தாலோ வேறு விரலில் போடுங்கள். மெஷின் காட்டும் பல்ஸும் உங்கள் கை எண்ணிய பல்ஸும் ஒத்துப்போனால்தான் அந்த அளவை நம்பலாம். எத்தனை லிட்டர் ஆக்ஸிஜனில் அந்த அளவு என்பதையும் எழுதுங்கள். பத்து லிட்டரில் 96-ம் வெறும் காற்றில் 96-ம் ஒன்றல்ல. நாள்பட்ட புகை நுரையீரல் நோய் உள்ளவர்களில் பலருக்கு டாக்டர் 88 முதல் 92 போதும் என்று எழுதியிருப்பார். 99 ஆக்குகிறேன் என்று திருகைத் திறந்துவிடாதீர்கள்.

கருத்த தோலில் உதடு நீலமாவதை எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நாக்கையும் ஈறையும் பாருங்கள். ரத்தசோகைக்குக் கீழிமையின் உட்புறமும் உள்ளங்கை ரேகையும்.

நினைவும் சுகரும்

விழித்திருக்கிறாரா, கூப்பிட்டால் விழிக்கிறாரா, வலிக்கு மட்டும் அசைகிறாரா, எதற்குமே இல்லையா என்று நான்கு படி உண்டு. ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: புதிதாக வந்த குழப்பம். வயதானவர் உளறினால் "வயசாயிடுச்சுல்ல" என்று விட்டுவிடுகிறோம். மகளைக் கேளுங்கள், "அப்பா எப்பவும் இப்படித்தான் பேசுவாரா?" நேற்று வரை பென்ஷன் கணக்குப் பார்த்தவர் இன்று பேத்தியின் பேரை மறந்தால் அது வயதில்லை. கிருமித் தொற்று, சோடியம் குறைவு, ஆக்ஸிஜன் குறைவு, நேற்று தொடங்கிய புது மாத்திரை, யூரின் அடைப்பு என்று எதுவாகவும் இருக்கலாம்.

யார் குழம்பினாலும் மயங்கினாலும் வலிப்பு வந்தாலும் உடனே விரலில் குத்திச் சுகர் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து விழுங்க முடிந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து. 15 நிமிடத்தில் மறுபடி குத்திப் பாருங்கள். மயங்கியிருந்தால் வாயில் ஒரு சொட்டும் கூடாது, ஊசி வழியாக டெக்ஸ்ட்ரோஸ்தான். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிட்டவர் எழுந்து உட்கார்ந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. கிட்னியும் பழுதாக இருந்தால் சுகர் திரும்பத் திரும்ப விழும். இன்னொன்று, 40 யூனிட் இன்சுலின் குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு மூடி. மாற்றி எடுத்தால் இரண்டரை மடங்கு தவறும்.

தலைக்காயம், பக்கவாதக் கேஸ்களுக்கு நினைவை மதிப்பெண்ணாக அளக்கும் கிளாஸ்கோ அளவு. கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும் 1974-ல் கொண்டுவந்தது. கண் 4, பேச்சு 5, அசைவு 6, மொத்தம் 15, குறைந்தது 3. கூட்டுத்தொகையை மட்டும் எழுதாமல் கண் 3, பேச்சு 4, அசைவு 6 என்று பிரித்து எழுதுங்கள். இரண்டு புள்ளி குறைந்தால் அடுத்த ரவுண்டுக்குக் காத்திருக்கக் கூடாது.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால்

இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய 'நியூஸ்' என்ற மதிப்பெண் முறை ஒன்று உண்டு. மூச்சு, சாச்சுரேஷன், ஆக்ஸிஜன் ஓடுகிறதா, பிபியின் மேலெண், பல்ஸ், நினைவு, காய்ச்சல் ஆகியவை எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. உங்கள் மருத்துவமனையில் இந்தத் தாள் இல்லாவிட்டாலும் தலைக்குள் இருக்கட்டும். ஒருவருக்கு மூச்சு 24, சாச்சுரேஷன் 95, பிபி 108, பல்ஸ் 112, காய்ச்சல் 101 என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே "பரவாயில்லை" ரகம். மதிப்பெண் போட்டால் 2, 1, 1, 2, 1, ஆக மொத்தம் 7. ஐந்து வந்தாலே டாக்டர் உடனே பார்க்க வேண்டும். ஏழு என்றால் அவசரம், ஐசியூ பக்கம் யோசிக்க வேண்டும். ஏதாவது ஒன்றே தனியாக 3 வாங்கினாலும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் இதையே வேதமாக்கிவிடாதீர்கள். மேலே சொன்ன டெங்குப் பையனுக்கு இந்தக் கணக்கில் 4-தான் வரும். மதிப்பெண் குறைவாக இருந்து உங்கள் மனசு சரியில்லை என்றால் மனசு சொல்வதைக் கேளுங்கள். மதிப்பெண் கூடுதலாக இருந்து மனசு "ஒன்றுமில்லை" என்றால் மதிப்பெண்ணைக் கேளுங்கள்.

முதுகு, விழுங்குவது, யூரின்

படுத்த படுக்கையாக இருப்பவரைத் திருப்பிப் பார்க்காமல் அசெஸ்மென்ட் முடியாது. திருப்ப இன்னொரு கை வேண்டும், அட்டெண்டர் இல்லாவிட்டால் மகனைக் கூப்பிடுங்கள், அவரும் கற்றுக்கொள்வார். இடுப்புக்குக் கீழே உள்ள எலும்பு, குதிகால், ஆக்ஸிஜன் டியூப் உரசும் காதுமடல். சிவப்பாகும் என்று புத்தகம் சொல்வது வெளுத்த தோலுக்கு. நம் தோலில் சுற்றியுள்ள இடத்தைவிடக் கருத்து, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ தட்டுப்படும். அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள், உள்ளே இன்னும் நைந்துபோகும். இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்புவது, குதிகால் மெத்தையைத் தொடாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை, ஈரம் பட்டதும் துணி மாற்றுவது, இவைதான் மருந்து. படுக்கைப்புண் வரும் அபாயத்தைக் கணக்கிடும் பிரேடன் அளவில் 18-ம் அதற்குக் கீழும் இருப்பவர்களுக்குப் புண் வரும்வரை காத்திருக்காமல் முதல் நாளே தொடங்குங்கள். நடக்கிறவர்களுக்கும் கணுக்காலை அழுத்தி நீர் கோத்திருக்கிறதா என்று பாருங்கள். படுத்தே இருப்பவருக்கு அந்த நீர் காலில் தெரியாது, இடுப்பின் பின்புறம் இறங்கியிருக்கும்.

பக்கவாதத்தில் வந்தவருக்கு வாய் வழியாக எதுவும் கொடுக்கும் முன் விழுங்குகிறாரா என்று பார்த்தாக வேண்டும். நிமிர்த்தி உட்காரவைத்து ஒரு டீஸ்பூன் தண்ணீர். இருமினாலோ, பேசச் சொன்னால் குரல் நீர் கோத்தது போல வந்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். இதை வீட்டாரிடம் சொல்லி, கட்டிலில் எழுதியும் ஒட்டுங்கள். நாம் அந்தப் பக்கம் திரும்பியதும் பாசத்தில் ஒரு டம்ளர் காபியை ஊற்றிவிடுவார்கள்.

யூரின் கணக்கு, எடைக்குக் கிலோவுக்கு அரை மில்லி, மணிக்கு. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லி, ஆறு மணி நேரத்தில் 180. அதற்குக் கீழே போனால் முதலில் டியூப் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடிவயிறு உப்பியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அப்புறம் டாக்டர். டிரிப்பும் அப்படியே. 500 மில்லி நான்கு மணி நேரத்தில் போக வேண்டும், செட் மில்லிக்கு 20 சொட்டு என்றால் நிமிடத்துக்கு 42 சொட்டு. ஊசி போட்ட இடத்தையும் தொட்டுப் பாருங்கள், வீங்கிச் சில்லிட்டிருந்தால் மருந்து ரத்தக் குழாயில் போகவில்லை.

டாக்டரைக் கூப்பிடும்போது

"சார், பேஷண்ட் கொஞ்சம் டல்லா இருக்கார்" என்று சொன்னால் "சரி, பார்த்துக்கோங்க" என்றுதான் பதில் வரும். அவர் பேரில் குற்றமில்லை, நாம் எதுவும் சொல்லவேயில்லை. நிலவரம், பின்னணி, நாம் பார்த்தது, நமக்கு வேண்டியது என்று நான்காகப் பிரித்துச் சொல்லும் முறை அமெரிக்கக் கடற்படையிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்தது. நம் வாயில் அது இப்படி இருக்கும்:

"சார், ஆண்கள் மெடிக்கல், 14-ம் பெட். மூச்சு ஏறிட்டே போகுது, நீங்க உடனே வரணும். 58 வயசு, சுகர் பேஷண்ட், கால் புண்ணுக்காக நேத்து அட்மிட். காலைல ஆறு மணிக்கு மூச்சு 18, பல்ஸ் 88. இப்ப எட்டரைக்கு மூச்சு 26, பல்ஸ் 116, பிபி 104/60, காய்ச்சல் 101.4, சுகர் 310. புதுசா உளறுறார். செப்சிஸா இருக்கும்னு நினைக்கிறேன். லைன் போட்டுட்டேன். நீங்க வர்றதுக்குள்ள கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துடவா? ஃப்ளூயிட் எது, எவ்வளவு?"

போனில் சொன்ன ஆர்டரைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்து, நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். வரவில்லை என்றால் அடுத்த மூத்தவரைக் கூப்பிடுங்கள். அதற்குக் கோபித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், கோபம் சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும்.

கொடுத்த பிறகு

வலி ஊசி போட்டாயிற்று, டிரிப் ஏற்றியாயிற்று, காய்ச்சல் மாத்திரை கொடுத்தாயிற்று. திரும்பிப் போய் வேலை செய்ததா என்று பார்ப்பதைத்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். வலியை 0 முதல் 10 வரை எண்ணாகக் கேட்டால் கிராமத்துப் பாட்டிகள் முழிப்பார்கள். "பத்து ரூபாய் வலி வந்துச்சுன்னா இப்ப எத்தனை ரூபாய் இருக்கு பாட்டி?" என்று கேளுங்கள், "ஏழு ரூபா" என்று டக்கென்று சொல்வார். ஊசி போட்ட அரை மணி கழித்து மறுபடி கேளுங்கள். மூன்று ரூபாய் என்றால் சரி. ஆறு என்றால் மருந்து போதவில்லை, அல்லது வலிக்கு நாம் நினைக்காத வேறு காரணம் இருக்கிறது.

நர்ஸஸ் ரெக்கார்டில் "பேஷண்ட் ஃபேர், வைட்டல்ஸ் ஸ்டேபிள்" என்று ரப்பர் ஸ்டாம்ப் போல எழுதுவதில் யாருக்கும் பயனில்லை. 14-ம் பெட்டுக்கு இப்படி எழுதலாம்: காலை 8:30, மூச்சு 26, பல்ஸ் 116, பிபி 104/60, காய்ச்சல் 101.4, வெறும் காற்றில் சாச்சுரேஷன் 95, சுகர் 310. புதிதாகக் குழப்பம், மகள் உறுதிசெய்தார். இடது பாதப் புண்ணில் நாற்றம், கணுக்கால் வரை சூடு. 8:35 டியூட்டி டாக்டருக்குப் போன், 8:50-க்கு வந்து பார்த்தார். கல்ச்சர் எடுத்து ஆன்டிபயாடிக் முதல் டோஸ் 9:05. ரிங்கர் லாக்டேட் 500 மில்லி ஓடுகிறது. யூரின் டியூப் போட்டதும் வந்தது 60 மில்லி, அடர் மஞ்சள். அடுத்து பார்க்கும் நேரம் 9:20.

9:20-க்கு நீங்கள் வேறு பெட்டில் மாட்டிக்கொண்டாலும் இந்த வரியைப் படித்த இன்னொருவர் போய்ப் பார்ப்பார்.